முதல் ஐந்து நிமிடம்

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரைத் தாண்டியது. அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அந்த விலை, கார் வைத்திருப்பவர்களை விட வீடு வைத்திருப்பவர்களைத்தான் அதிகம் கலக்கியது. அங்கே ஏறத்தாழ பாதி வீடுகளில் குளிர்காலக் கணப்புக்கு எண்ணெய்தான் எரிந்துகொண்டிருந்தது. நிலவறையில் 275 கேலன் கொள்ளும் இரும்புத் தொட்டி நிற்கும். ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல். கேலன் 4 டாலரைத் தாண்டிய அந்தக் கோடையில் தொட்டியை ஒருமுறை நிரப்பவே ஆயிரம் டாலருக்கு மேல் பிடித்தது. குளிர்காலம் முழுவதற்கும் ஒரு தொட்டி போதாது.

அடுப்புக் கடைகளில் கூட்டம் நெரிந்தது. எல்லோரும் கேட்டது ஒரே பொருள்: மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டை எரிக்கும் பெல்லட் அடுப்பு. புது அடுப்புக்குப் பெயர் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். இலையுதிர்காலம் வந்தபோது அடுப்புக்கான பெல்லட் மூட்டைகளுக்கும் தட்டுப்பாடு வந்தது.

நாமக்கல்லில் பிறந்து, நாஷுவா நகரத்தில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்த தமிழர் ஒருவர், மில்ஃபோர்டுக்கு மேற்கே 101ஆம் எண் சாலையை ஒட்டிய பழைய மரவீட்டில் மனைவி, மகளோடு குடியிருந்தார். புது அடுப்புக்குக் காத்திருக்க அவருக்கு மனமில்லை. வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே போகும் ஒருவரிடமிருந்து பழைய அடுப்பு ஒன்றை வாங்கி வந்து, தீயணைப்புத் துறையின் ஆய்வும் முடித்துக் கூடத்தில் நிறுத்தினார். நல்ல கனமான வார்ப்பு, கண்ணாடிக் கதவு, ஓடும் மோட்டார்கள். ஒன்று மட்டும் அதில் இல்லை. பொத்தானை அழுத்தினால் தானாகப் பற்றிக்கொள்ளும் வசதி. ஒவ்வொரு முறையும் கையால்தான் தீ மூட்ட வேண்டும். எதைக் கொண்டு மூட்டுவது என்ற கேள்வி அப்படித்தான் அந்த வீட்டுக்குள் வந்தது.

அக்டோபரில் அவருடைய அம்மா நாமக்கல்லிலிருந்து வந்து சேர்ந்தார். பனிக்காலம் முழுக்க இருந்துவிட்டு வசந்தத்தில் திரும்புவதாக ஏற்பாடு. வந்த மறுநாளே கார் ஷெட்டில் அடுக்கியிருந்த மூட்டைகளில் ஒன்றைப் பிரித்து, கைப்பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, கோழித்தீவனமாட்ட இருக்குதே?"

அம்மா சொன்னது வெறும் தோற்றத்துக்கு மட்டும் பொருந்தும் பேச்சல்ல. நாமக்கல்லின் தீவன ஆலைகளில் துளையிட்ட இரும்பு வளையத்துக்குள் உருளைகள் சுழன்று மாவை அழுத்தித் தள்ளும். மரத்தூளைப் பெல்லட்டாக்குவதும் அதே வகை எந்திரம்தான்; தீவனத் தொழிலிலிருந்தே அது மரத்துக்கு வந்தது. அழுத்தத்தில் எழும் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் லிக்னின் இளகி, ஆறும்போது இறுகிக்கொள்கிறது. வேறு பசை வேண்டியதில்லை. மரக்கழிவை இப்படி எரிபொருளாக்கும் முறைக்கு ரூடால்ஃப் கன்னர்மேன் 1977இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதை வீட்டுக் கூடத்தில் எரிக்கத் தக்க அடுப்பை 1980களின் முற்பகுதியில் வாஷிங்டன் மாநிலத்தில் உருவாக்கியவர் ஜெர்ரி விட்ஃபீல்டு. போயிங் நிறுவனத்தில் விமானப் பொறியாளராக இருந்தவர்.

சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன், விரல்கணு நீளம், பத்து சதவீதத்துக்கும் குறைவான ஈரம், உயர்ந்த ரகத்தில் ஒரு சதவீதத்தை மிஞ்சாத சாம்பல். ஒரு மூட்டை 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. ஐம்பது மூட்டை சேர்ந்தால் அமெரிக்கக் கணக்கில் ஒரு டன். அந்த ஒரு டன் தரும் வெப்பம் ஏறத்தாழ 120 கேலன் எண்ணெய்க்குச் சமம்.

பெல்லட்டின் குணத்தைப் புரிந்துகொள்ள ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஒருநாள் மாலை நாமக்கல்காரர் தன் மகளுக்காக அதைச் செய்து காட்டினார். கண்ணாடி டம்ளரில் நான்கைந்து பெல்லட்டைப் போட்டதும் அவை நேராக அடிக்குப் போயின. மரம் மிதக்கும் என்று பள்ளியில் படித்திருந்த மகள் குனிந்து பார்த்தாள். அத்தனை இறுக்கம். பிறகு ஒவ்வொன்றின் முனையிலும் மெல்லிய வெடிப்பு விழுந்தது, அடுக்கடுக்காகப் பிரிந்து உப்பியது, சில நிமிடங்களில் டம்ளரின் அடியில் குழைந்த மரத்தூள்தான் கிடந்தது. பாட்டியும் பேத்தியும் இன்னொரு டம்ளர் கேட்டார்கள்.

அந்த இறுக்கம்தான் தீ மூட்டுவதில் உள்ள சிக்கல். மெல்லிய சிராய் தீக்குச்சியின் சூட்டிலேயே பற்றிவிடும். பெல்லட் அப்படி அல்ல. சூடு உள்ளே இறங்க நேரம் எடுக்கும். முதலில் மிச்சமிருக்கும் ஈரம் போக வேண்டும். பிறகு 200 பாகை செல்சியஸைத் தாண்டி மரம் சிதைந்து வாயுக்களை விட ஆரம்பிக்க வேண்டும். அந்த வாயுக்கள் எரிவதைத்தான் நாம் சுடர் என்று பார்க்கிறோம். பக்கத்துப் பெல்லட்டுகளுக்கும் சூடு பரவி, தீ தன் காலில் நிற்க நான்கைந்து நிமிடமாவது ஆகும். அதுவரை இடைவிடாமல் எரியும் பொருள் எதுவோ அதுதான் நல்ல தீமூட்டி. எவ்வளவு வேகமாகப் பற்றுகிறது என்பது இரண்டாம் பட்சம்.

அடுப்பின் உள்ளமைப்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. மேலே பெல்லட் கொட்டும் தொட்டி. அதன் அடியில் திருகு போன்ற ஆகர் மெதுவாகச் சுழன்று, சிறிது சிறிதாகப் பெல்லட்டைத் தீக்கிண்ணத்துக்குள் தள்ளும். கிண்ணம் உள்ளங்கை அகலம்தான். அடியிலும் பக்கங்களிலும் சிறு துளைகள். அந்தத் துளைகள் வழியாகக் காற்று ஏறித் தீயை ஊதும். புகையை வெளியே இழுக்க ஒரு விசிறி, சூட்டை அறைக்குள் தள்ள இன்னொன்று. புகைக்குழாய் குறிப்பிட்ட சூட்டை எட்டியதா என்று பார்க்க ஓர் உணரி. மூட்டிய பிறகு குறித்த நேரத்துக்குள் சூடு எட்டவில்லை என்றால், தீ இல்லை என்று முடிவு செய்து அடுப்பு தானே நின்றுவிடும். ஆக, தீமூட்டி நெடுநேரம் எரிந்தால் மட்டும் போதாது. கிண்ணத்தில் அடங்க வேண்டும், துளைகளை அடைக்கக் கூடாது, விசிறிக் காற்றில் அணையக் கூடாது.

அடுப்போடு பழைய உரிமையாளர் கொடுத்துவிட்டுப் போன பாட்டிலில் இருந்தது ஜெல். கையால் மூட்டும் அடுப்புகளுக்கு அந்தக் காலத்தில் பெரும்பாலும் பரிந்துரைக்கப்பட்டது அதுதான். ஆல்கஹாலைக் கெட்டியாக்கிச் செய்தது. சிலவற்றில் மெத்தனால், சிலவற்றில் எத்தனால் அல்லது ஐசோபுரொப்பைல். கிண்ணத்தில் ஒரு பிடி பெல்லட், அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி ஜெல், லேசாகக் கிளறிவிட்டு உடனே நீளத் தீக்குச்சியால் தொட வேண்டும். நீலமாகப் பற்றும். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் சுடர் கண்ணுக்கே தெரியாது; பெல்லட்டின் விளிம்புகள் கறுக்க ஆரம்பிப்பதை வைத்துத்தான் எரிகிறது என்று அறிய முடியும். சாம்பல் இல்லை, கரி இல்லை, கண்ணாடியில் ஒரு புள்ளி இல்லை. சுத்தத்தில் ஜெல்லை மிஞ்ச எதுவும் கிடையாது.

சாலையின் கோடியில் இருந்த ஒரு வீட்டில் அந்த நவம்பரில் நடந்தது வேறு. தீ சரியாகப் பிடிக்கவில்லை, அணைந்துவிட்டது என்று எண்ணி, அந்த வீட்டுக்காரர் இன்னும் சூடாக இருந்த கிண்ணத்தில் மறுபடி ஜெல்லைப் பிழிந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருந்த சுடரோ சாம்பலுக்கடியில் இருந்த கனலோ ஆவியைப் பற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு வந்தது. புருவமும் முன்முடியும் பொசுங்கியதோடு தப்பினார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நம் மென்பொருள் பொறியாளர் ஒரு தாளில் சில எண்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். எந்த வெப்பநிலையில் ஒரு பொருளின் ஆவி தீப்பிடிக்கத் தயாராகிறது என்ற கணக்கு அது. பெட்ரோல்: பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகை. மெத்தனால்: 11. எத்தனால்: 13 முதல் 17. மண்ணெண்ணெய்: 38க்கு மேல். கற்பூரம்: ஏறத்தாழ 65. மெழுகு: ஏறத்தாழ 200.

வீட்டின் கூடம் 20 பாகையில் இருக்கிறது. அந்தக் கூடத்தில் ஆல்கஹால் ஜெல்லைப் பிழிந்த மறுகணமே தீப்பிடிக்கும் ஆவி அங்கே மிதக்கிறது என்று பொருள். மெழுகைச் சூடான கிண்ணத்தில் போட்டால் உருகுமே தவிர, பெரும்பாலும் பாய்ந்து வராது. பெட்ரோல், மண்ணெண்ணெய், கரியடுப்புக்கு ஊற்றும் திரவம் ஆகியவற்றைத் தொடவே கூடாது என்று ஒவ்வொரு அடுப்பின் கையேட்டிலும் அச்சிட்டிருப்பதன் காரணமும் அந்தப் பட்டியலிலேயே இருந்தது. சிறு கிண்ணம், மூடிய கதவு, காற்றை இழுக்கும் விசிறி. அந்த அடைப்புக்குள் ஆவி சேர்ந்து பற்றினால் கண்ணாடி தாங்காது.

தாளை மகள் வாசித்துக் காட்ட, அம்மா கற்பூரத்தின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"சூடம் இருக்கறப்ப எதுக்குக் கண்ணு இந்தப் பாட்டிலு? ஒரு கட்டியப் போட்டுப் பத்த வெச்சாத்தான் என்ன?"

பூஜை அலமாரியில் நாஷுவாவின் இந்திய மளிகைக் கடையில் வாங்கிய கற்பூர டப்பா எப்போதும் இருக்கும். மகன் தடுக்கவில்லை. ஆறிக் கிடந்த கிண்ணத்தில் பெல்லட்டைப் பரப்பி, நடுவில் கற்பூரத்தை வைத்து அம்மாவே பற்றவைத்தார். தொட்டவுடன் பிடித்தது. மஞ்சளாக, உயரமாக எழுந்த சுடரின் நுனியிலிருந்து கறுத்த புகை நூல்போல் இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியில் படிந்தது. கட்டி கரைந்து சுடர் தாழ்ந்தபோது அதை ஒட்டியிருந்த சில பெல்லட்டுகள் மட்டும் கறுத்திருந்தன. இன்னும் கொஞ்சம் கற்பூரம் வைத்ததில் தீ பிடித்தது. ஆனால் கதவின் கீழ்ப்பாதி மைபூசியதாகிவிட்டது.

அம்மா கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தார். "பத்துனா மட்டும் ஆச்சா? கட்டை காயற வரைக்கும் நிக்கோணுமில்ல? ஊர்ல பன்னாடைய வெச்சுப் பத்த வெச்சா அது நின்னு எரியும். இது சாமிக்குத்தான் சரி."

பன்னாடை என்றால் தென்னையில் மட்டையின் அடியைச் சுற்றியிருக்கும் வலைபோன்ற நார். கொங்கு நாட்டு விறகடுப்புகளைத் தலைமுறை தலைமுறையாகப் பற்றவைத்தது அதுதான். நியூ ஹாம்ப்ஷயரின் மொனாட்நாக் மலையடிவாரத்தில் தென்னைக்கு எங்கே போவது? ஆனால் அங்கேயும் ஒரு மரம் இருந்தது.

இரண்டு வீடு தள்ளி, மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் விறகடுப்பு ஒன்றும் பெல்லட் அடுப்பு ஒன்றும் உண்டு. விறகடுப்பைப் பற்றவைக்க அவர் பயன்படுத்தியது வெள்ளை பர்ச் மரத்தின் பட்டை. நியூ ஹாம்ப்ஷயரின் மாநில மரம் அது. விழுந்து கிடக்கும் மரத்தில் காகிதம்போல் உரிந்து நிற்கும் பட்டையை மட்டும் எடுப்பார். நிற்கும் மரத்தில் உரித்தால் அந்த இடம் ஆறாத கறுப்பு வடுவாகிவிடும் என்பார். பட்டையில் பெட்டுலின் என்ற பொருள் நிறைந்திருப்பதால் மழையில் நனைந்தாலும் எரியும். முதியவர் ஒரு பை நிறையக் கொடுத்தார். குறுகிய கீற்றுகளாகக் கிழித்துப் பெல்லட்டுக்கு இடையில் செருகினால் நன்றாகவே பிடித்தது. எரிந்து முடிந்ததும் கரிச்சுருள்கள் கிண்ணத்தின் துளைகள்மேல் படுத்துக்கொண்டன என்பது மட்டும் குறை. அம்மாவுக்குப் பர்ச் பட்டை பிடித்துப்போயிற்று. பேத்தியோடு நடக்கப் போகும்போதெல்லாம் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தார்.

கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் ஃபேட்வுட் குச்சிகளையும் நம் பொறியாளர் வாங்கிப் பார்த்தார். பைன் மரத்தின் அடிக்கட்டையில் பிசின் ஊறித் தேன்நிறமாகக் கெட்டிப்பட்ட பகுதி அது. வாசனையே தனி. சீவிப் போட்டால் நின்று எரியும். புகையும் கற்பூரத்தின் புகையேதான், அதே கறுப்பு. காரணம் இரண்டுக்கும் உள்ள உறவு. இன்று சந்தையில் விற்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி கற்பூர மரத்திலிருந்து வருவதில்லை. பைன் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது. நாமக்கல் கோயிலில் தட்டில் எரிவதும் நியூ ஹாம்ப்ஷயர் அடுப்பில் எரிவதும் ஒரே குடும்பத்துச் சரக்கு என்று தெரிந்தபோது அம்மாவுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் அதைச் சொன்னார்.

கைகழுவும் சானிடைசரைப் பரிந்துரைத்தவர்களும் உண்டு. அதிலும் எத்தனால் இருக்கிறது, பற்றவும் செய்யும். ஆனால் புட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். ஆல்கஹால் எரிந்து தீர்ந்ததும் தண்ணீர் பெல்லட்டிலேயே தங்கிவிடும். டம்ளரில் உப்பிய பெல்லட்டைப் பார்த்திருந்த அந்த வீட்டில் அதை யாரும் முயலவில்லை.

கடைசியில் அந்த வீட்டுக்குப் பொருந்தியது மெழுகும் மரத்தூளும். கடையில் விற்கும் கட்டிகள் பெரும்பாலும் இந்தக் கலவைதான். விறகடுப்புக்கான அளவில் வார்த்திருப்பதால் பெல்லட் கிண்ணத்துக்குப் பெரிது. கட்டைவிரல் அளவுக்கு ஒடித்துப் போட வேண்டும். மெழுகு பூசிய மரச்சில்லுகளும் கிடைத்தன. விலையைக் கேட்ட அம்மா, இதை வீட்டிலேயே செய்யலாமே என்று ஆரம்பித்துவிட்டார்.

மூட்டைகளின் அடியில் தங்கும் தூள் வீணாகிக்கொண்டிருந்தது. அதுவே மூலப்பொருள். எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு, டப்பாவைக் கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்து உருக்கினார்கள். மெழுகை நேரடியாக அடுப்பில் ஏற்றக் கூடாது என்பதில் மகன் கறாராக இருந்தார். 60 பாகையை ஒட்டி உருகிவிடும் பொருளுக்கு அதற்குமேல் சூடு எதற்கு? உருகியதும் தூளைக் கொட்டிக் கிளறி, காகிதக்கூழால் செய்த முட்டை அட்டையின் குழிகளில் அடைத்து ஆறவைத்தார்கள்.

முதலில் செய்தவற்றில் மெழுகு தூக்கல். எரியும்போது உருகிய மெழுகு கிண்ணத்தின் துளைகள் வழியாகச் சொட்டி, அடியில் இருந்த சாம்பல் தட்டில் உறைந்தது. அம்மா தூளைக் கூட்டினார். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தள்ளினால் உதிர வேண்டும். அதுதான் பதம் என்று கண்டுபிடித்தது அவர். அந்தப் பதத்தில் செய்த குழி ஒன்றை நாலாகப் பிய்த்து, ஒரு துண்டைப் பெல்லட்டுக்கு நடுவே பாதி புதைத்து வைத்து, அட்டையின் கிழிந்த ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினால் போதும். தூள் திரியாக நின்று மெழுகை மேலே இழுத்துக்கொடுக்க, சுடர் சின்னதாக, அசையாமல், ஐந்து நிமிடத்தைத் தாண்டியும் நின்றது. சுற்றியுள்ள பெல்லட்டுகள் ஒவ்வொன்றாகக் கறுத்து, புகைந்து, பிறகு சடசடவென்று சேர்ந்து எரிய ஆரம்பித்தன. கண்ணாடியில் லேசான மங்கல் மட்டும். காலையில் துடைத்தால் போயிற்று.

அந்த முட்டை அட்டைகள் எவ்வளவு உதவும் என்பது டிசம்பரில் தெரிந்தது.

2008 டிசம்பர் 11ஆம் தேதி இரவு நியூ ஹாம்ப்ஷயரின் தென்பகுதியில் மழை பெய்தது. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. கிளைகளிலும் மின்கம்பிகளிலும் பனிக்கட்டி உறையாகத் தடித்தது. நள்ளிரவுக்குப் பிறகு காட்டுக்குள்ளிருந்து வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எடை தாளாமல் மரங்கள் முறியும் சத்தம். விடிந்தபோது மாநிலத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்திருந்தன. சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப இரண்டு வாரம் ஆனது. மொனாட்நாக் மலையைச் சுற்றியுள்ள பகுதி கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று.

எண்ணெயை நம்பியிருந்த வீடுகளும் பெல்லட்டை நம்பியிருந்த வீடுகளும் அன்று ஒரே நிலையில் இருந்தன. எண்ணெய்க் கொதிகலனுக்கும் மின்சாரம் வேண்டும். பெல்லட் அடுப்பின் ஆகருக்கும் விசிறிகளுக்கும் மின்சாரம் வேண்டும். விசிறி ஓடாமல் பெல்லட்டைப் பற்றவைத்தால் புகை முழுதும் வீட்டுக்குள் வரும். நம் பொறியாளர் இலையுதிர்காலத்திலேயே படகுகளில் வைக்கும் பெரிய பேட்டரி ஒன்றும், சுத்தமான சைன் அலை தரும் இன்வெர்ட்டர் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். அவருடைய பழைய அடுப்பு ஓட ஏறத்தாழ 100 வாட் போதும். முட்டை அட்டைத் துண்டை வைத்து மூட்டினார், கூடம் சூடானது. பகலில் காரை ஓடவிட்டு ஜம்பர் கேபிளால் பேட்டரியை மறுபடி ஏற்றினார். கார் நின்றது வெட்டவெளியில். மின்வெட்டுக் காலத்தில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் என்பதால் வண்டியோ ஜெனரேட்டரோ ஷெட்டுக்குள் ஓடவே கூடாது.

பர்ச் பட்டை கொடுத்த முதியவரின் நிலைமை வேறு. அவருக்கு விறகடுப்பு இருந்தது. ஆனால் அது நிலவறையில். மூட்டுவலியோடு படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மேலே கூடத்தில் இருந்த பெல்லட் அடுப்பு புது ரகம், பொத்தான் அழுத்தினால் தானாகப் பற்றும். அதற்குள் இருக்கும் இக்னைட்டர் ஒரு மின்சூட்டுக் கம்பி. பழுக்கக் காய்ந்து, தன்மேல் ஓடும் காற்றைச் சூடாக்கிப் பெல்லட்டைப் பற்றவைக்கும். அது மட்டுமே 300 வாட் இழுக்கும். விசிறிகளோடு சேர்ந்து 400ஐத் தாண்டும். முதியவரிடம் இருந்த சிறிய இன்வெர்ட்டர் ஒவ்வொரு முறையும் கீச்சென்று கத்திவிட்டு நின்றது.

அம்மாவும் மகனும் டார்ச்சும் முட்டை அட்டையுமாகப் போனார்கள். சாலை முழுக்க முறிந்த கிளைகள். அடுப்பின் பக்கப் பலகையைக் கழற்றி, இக்னைட்டருக்குப் போகும் இணைப்பை அவர் பிரித்து வைத்தார். கிண்ணத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பெல்லட் பரப்பி, மெழுகுத் துண்டைப் புதைத்து, விசிறி ஓடத் தொடங்கியதும் தீக்குச்சியைக் காட்டிக் கதவைச் சாத்தினார். இன்வெர்ட்டர் கத்தவில்லை. சுடர் நின்றது. புகைக்குழாயின் சூட்டை உணரி கண்டுகொண்டது, ஆகர் சுழல ஆரம்பித்தது, பெல்லட் சொட்டுச் சொட்டாக விழுந்தது. முதியவர் அம்மாவின் கையிலிருந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் தன் வீட்டிலிருந்த மெழுகுவத்தித் துண்டுகள் அத்தனையையும் ஒரு பெட்டியில் போட்டு அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோதுதான் அந்தச் சாலைக்கு மின்சாரம் வந்தது. அதற்குள் அக்கம்பக்கத்தில் பல வீடுகளில் அம்மாவின் அட்டைகள் இருந்தன.

அந்தக் குளிர்காலத்தில் நம் பொறியாளர் கேட்டறிந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தானாகப் பற்றும் அடுப்பு வைத்திருப்பவருக்கும் தீமூட்டி தேவைப்படும். இக்னைட்டர் தேயும் பொருள். சில குளிர்காலங்கள் உழைத்துவிட்டு, பெரும்பாலும் கடுங்குளிர் நாளில்தான் போகும். புது இக்னைட்டர் வந்து சேரும் வரை அடுப்பைக் கையால்தான் மூட்டியாக வேண்டும். ஷெட்டில் ஒரு பெட்டி மெழுகுக் கட்டி இருந்தால் அந்த இடைவெளி குளிராமல் கழியும்.

ஜெல்லைப் பற்றி அவருக்கிருந்த அச்சத்துக்கு 2011இல் பெரிய அளவில் ஆதாரம் கிடைத்தது. அது பெல்லட் அடுப்பு ஜெல் அல்ல. தோட்டத்தில் அலங்காரத்துக்கு எரிக்கும் பீங்கான் கிண்ணங்களில் ஊற்றும் ஆல்கஹால் ஜெல். எரியும் கிண்ணத்தில் மறுபடி ஊற்றும்போது சுடர் பாட்டிலுக்குள் பாய்ந்து, எரியும் ஜெல் பீச்சியடித்து உடலில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அந்த ஆண்டு செப்டம்பரில் ஒன்பது நிறுவனங்களின் ஏறத்தாழ 20 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற வைத்தது. 65 சம்பவங்கள், இரண்டு சாவுகள், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 34 பேர் என்று ஆணையம் கணக்குச் சொன்னது. செய்தியைப் படித்த அன்றே பழைய பாட்டிலில் மிச்சமிருந்த ஜெல்லை ஊரின் அபாயக் கழிவு சேகரிப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆறிய கிண்ணத்தில் அளவாக ஒருமுறை மட்டும் இடுபவர்களுக்கு ஜெல் இன்றும் நல்ல பொருள்தான். ஆனால் அவர் வீட்டில் அம்மா, மகள், வந்துபோகும் விருந்தினர் என்று பல கைகள் அடுப்பைத் தொடும். அத்தனை கைகளும் எப்போதும் அளவறிந்து நடக்கும் என்று எதிர்பார்க்கும் பொருளை அவர் வீட்டில் வைக்க விரும்பவில்லை.

2022இல் எண்ணெய் விலை மறுபடி ஏறியது. நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களில் சூடேற்றும் எண்ணெய் கேலன் 5 டாலரைத் தாண்டியது. மேய்ன் மாநிலத்தில் போர்ட்லாந்துக்கு அருகே வீடு வாங்கியிருந்த இளம் தமிழ்த் தம்பதி பழைய பெல்லட் அடுப்பு ஒன்றை வாங்கிவிட்டு அவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள்.

"அண்ணா, கையால பத்த வைக்கிற அடுப்பு. கடையில ஜெல் இருக்கு, கட்டி இருக்கு, குச்சி இருக்கு. எதை வாங்கட்டும்?"

"முதல்ல தீக்கிண்ணத்தைக் கழட்டிப் பாருங்க தம்பி. துளையெல்லாம் திறந்திருக்கா? பழைய சாம்பல் கெட்டியாகி அடைச்சிருந்தா எதை வாங்கினாலும் பத்தாது. கம்பியால குத்திச் சுத்தம் பண்ணுங்க. அப்புறம் கிண்ணம் எவ்வளவு அகலம்னு அளந்துக்குங்க."

"கட்டியே வாங்கிடவா?"

"வீட்டுல சின்னக் குழந்தை இருக்குல்ல? அப்ப மெழுகுக் கட்டிதான். கட்டைவிரல் அளவுக்கு ஒடிச்சு, பெல்லட்டுக்குள்ள பாதி புதைச்சு வைங்க. மேலாப்புல வெச்சா சூடு வீணாப் போகும். விசிறி ஓடணும், பத்த வெச்சதும் கதவைச் சாத்திடணும். அஞ்சு நிமிஷம் கையை வைக்காதீங்க. அணைஞ்சிட்டா கிண்ணம் ஆறுற வரைக்கும் காத்திருந்து, கருகினதை அள்ளிட்டு மறுபடி ஆரம்பிங்க. துளை பெருசா இருந்தா மெழுகு அதிகமா இருக்கிற கட்டி வேண்டாம், கீழ சொட்டும். எவ்வளவு பெருசு இருக்கு?"

"தெரியலண்ணா. கழட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து அனுப்பறேன்."

"அனுப்புங்க. அப்படியே இக்னைட்டர் மாட்டுறதுக்கு அதுல இடம் விட்டிருக்காங்களான்னும் பாருங்க."